அலமாரியில் 44 கடப்பிதழ்கள்

ஒரு வாசகியின் கடிதம்:

“பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் எங்கள் அப்பா நடத்தும் தொழிற்சாலையில் நிர்வாகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உலோகத் தகடுகளை அழுத்திச் சிறு பாகங்கள் செய்கிறோம். மொத்தம் 130 பேர். அவர்களில் 44 பேர் நேப்பாளிகள். இன்னும் 18 வங்காளதேசத்தவரை ஒரு குத்தகையாளர் அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் பத்து கவான் என்ற ஊரில் இருக்கும் ஒரு ஜெர்மானிய நிறுவனம்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். சென்ற மாதம் அவர்கள் 86 கேள்விகள் கொண்ட படிவத்தையும், ‘மனித உரிமை நடத்தை நெறி’ என்ற ஆவணத்தையும் அனுப்பி, 30 நாளில் கையெழுத்திட்டுத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். ‘அது அவர்கள் நாட்டுச் சட்டம், நமக்கென்ன? எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதி அனுப்பு’ என்கிறார் அப்பா. நேப்பாளிகளின் கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) எங்கள் அலுவலக இரும்பு அலமாரியில் இருக்கின்றன. தொலையக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறோம். அவர்கள் ஓடிப்போகாமல் இருக்க மாதம் 50 ரிங்கிட் பிடித்துவைத்து, ஒப்பந்தம் முடியும்போது திருப்பித் தருகிறோம். ஊரில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டியதாகச் சொல்கிறார்கள். நாங்கள் ஒரு சென் கூட வாங்கியதில்லை. அவசர ஆர்டர் வந்தால் வாரம் 70 மணி நேரம் வரை வேலை நடக்கும். அடுத்த ஆண்டு முலாம் பூசும் வேலையைக் கோயம்புத்தூரில் உறவினர் பட்டறைக்குக் கொடுக்கலாம் என்றும் அப்பா யோசிக்கிறார். எங்கோ இருக்கும் அரசு எங்களை இப்படிக் கேள்வி கேட்கலாமா? நான் கையெழுத்துப் போடலாமா? அப்பாவிடம் எப்படிப் பேசுவது?”

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தின் கடைசியில் இருக்கப்போவது உங்கள் பெயர். நாளைக்குத் தணிக்கையாளர் வந்து இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னால், அங்கே பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். குறை இருக்கும் தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்ய வாடிக்கையாளருக்கு வழி உண்டு. பொய் எழுதிய தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்ய வழியே இருக்காது.

அடுத்து, அப்பாவின் கேள்வி. அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாளர் சட்ட ஆலோசகராக இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறேன். ‘வெள்ளைக்காரன் மறுபடியும் நம்மை ஆள வருகிறானா?’ என்று முதலாளிகள் கேட்காத ஆண்டே இல்லை.

ஜெர்மானிய அரசு உங்கள் அப்பாவை எதுவும் கேட்கவில்லை. தன் மண்ணில் இயங்கும் பெரிய நிறுவனங்களைத்தான் கேட்கிறது: ‘நீ இங்கே இருந்துகொண்டு உலகம் முழுவதும் பொருள் வாங்குகிறாய். அந்தப் பொருளைச் செய்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று பார்த்தாயா?’ இது ஒரு நாட்டின் தனி விருப்பமும் இல்லை. 2011 ஜூனில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் தொழில் நிறுவனங்களுக்கும் மனித உரிமைகளுக்குமான வழிகாட்டும் நெறிகளை ஒருமனதாக ஏற்றது. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் உழைத்து வரைந்த 31 நெறிகள் அவை. தன் எல்லைக்குள் நிலைகொண்ட நிறுவனங்கள் தங்கள் செயல்பாடு முழுவதிலும் மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அரசு தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது நெறி. வெளிநாட்டில் நடப்பதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்று பன்னாட்டுச் சட்டம் பொதுவாக எந்த அரசையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டுப்படுத்தக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுதத் தூண்டிய நிகழ்வுகள் பல. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளில் ஐரோப்பியக் கடைகளின் முத்திரைச் சீட்டுகள் கிடந்தன. ‘அது எங்கள் தொழிற்சாலை இல்லையே’ என்ற பதில் அதற்குப் பிறகு எடுபடவில்லை. பிரான்ஸ் 2017இல் சட்டம் இயற்றியது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024இலிருந்து அந்நாட்டில் 1,000 பேருக்குக் குறையாமல் ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. நார்வே, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகியவற்றுக்கும் அவரவர் பாணியில் சட்டம் உண்டு. கட்டாய உழைப்பில் உருவான பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் தடை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் ஒன்று போதும். கட்டாய உழைப்பில் உருவான சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நம் மலேசியாவில் அதை மறந்தவர்கள் இருக்க முடியாது. 2020 ஜூலையில் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகள் அப்படித்தான் நிறுத்தப்பட்டன. தொழிலாளர்கள் ஊரில் கட்டிய ஏஜெண்டு கட்டணத்தை, மொத்தம் 136 மில்லியன் ரிங்கிட் அளவுக்கு, நிறுவனமே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. ‘நாங்கள் ஒரு சென் கூட வாங்கவில்லை’ என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தொகைதான்.

ஜெர்மானியச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. அதை உங்கள் வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு உங்களுக்குச் சொல்லியிருக்காது. அந்தச் சட்டம் குறையற்ற விநியோகிப்பாளர்களை மட்டும் வைத்துக்கொள் என்று நிறுவனத்திடம் சொல்லவில்லை. ஆபத்தைக் கண்டுபிடி, தடு, நடந்துவிட்டால் சரிசெய், அதற்கு உண்மையாக முயற்சி எடு என்கிறது. உறவை முறித்துக்கொள்வது மிகக் கடுமையான மீறலில், வேறு எந்த வழியும் பலிக்காத நிலையில், கடைசி நடவடிக்கை. சட்டத்தை அமலாக்கும் ஜெர்மானிய அலுவலகம், பெரிய நிறுவனங்கள் தங்கள் கடமையை அப்படியே சிறிய விநியோகிப்பாளர் தலையில் இறக்கிவைக்கக் கூடாது என்றும், ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஒட்டுமொத்த உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஒதுங்கக் கூடாது என்றும் 2023இலேயே விளக்கம் வெளியிட்டிருக்கிறது. விலையை நெருக்குவதும் கடைசி நேரத்தில் ஆர்டரை ஏற்றுவதும் அவர்கள் சரிசெய்ய வேண்டிய கொள்முதல் பழக்கங்கள்தாம். ஆகவே அந்தப் படிவம் உங்களை மட்டும் கேள்வி கேட்கும் தாள் இல்லை. நீங்கள் திருப்பிக் கேட்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. (அறிக்கை தாக்கல் செய்யும் கடமையை நீக்கும் திருத்த மசோதாவை ஜெர்மானிய அமைச்சரவை 2025இல் ஏற்றது. இதை யாராவது ‘சட்டமே போய்விட்டது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். நீக்க முனைந்தது அறிக்கையைத்தான். கவனிக்க வேண்டிய கடமையை இல்லை.)

இனி ஜெர்மனியை ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு வருவோம்.

கட்டாய உழைப்பை அடையாளம் காணப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. உங்கள் கடிதத்தில், நீங்கள் அறியாமலே, நான்கை எழுதியிருக்கிறீர்கள்: அடையாள ஆவணத்தைப் பிடித்துவைத்தல், சம்பளத்தை நிறுத்திவைத்தல், கடன் பிணைப்பு, மிகையான நேரம் வேலை வாங்குதல். உங்கள் அப்பா கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. நான் பார்த்த பெரும்பாலான முதலாளிகள் நல்லவர்கள். நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர்கள். நல்ல மனம் இருக்கும் இடத்திலும் இந்த நான்கும் இருக்கின்றன என்பதுதான் என்னை வருத்தும் விஷயம்.

கடப்பிதழைப் பற்றி எந்தத் தயக்கமும் வேண்டாம். 1966ஆம் ஆண்டின் நம் கடப்பிதழ்ச் சட்டப்படியே, சட்டப்பூர்வ அதிகாரம் இல்லாமல் மற்றவரின் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது பெர்லினில் எழுதிய சட்டம் இல்லை, கோலாலம்பூரில் எழுதியது. ‘தொலையக் கூடாது என்றுதான்’ என்கிறீர்கள். அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விடுதியில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தாலும் அந்த நோக்கம் நிறைவேறும். நிறைவேறாது என்று மனத்தில் பட்டால், காரணம் வேறு என்று பொருள். அந்த வேறு காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஓடிப்போய்விடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உற்பத்தித் துறையில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசுக்குக் கட்டும் லெவி ஆண்டுக்கு 1,850 ரிங்கிட். அதற்கு மேல் மருத்துவச் சோதனை, காப்புறுதி, பெர்மிட் செலவு. கட்டிய மூன்றாம் மாதம் ஆள் காணாமல் போனால் முதலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நான் பேசிய வரையில், ஓடிப்போனவர்கள் கடப்பிதழ் கையில் இருந்ததால் ஓடவில்லை. பெரும்பாலோர் கடப்பிதழை விட்டுவிட்டே ஓடினார்கள். சொன்ன சம்பளம் ஒன்று, கிடைத்த சம்பளம் வேறு. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வேறு இடத்தில் கூடுதலாகக் கொடுப்பதாக யாரோ சொன்னார்கள். கடப்பிதழை விட்டுவிட்டு ஓடியவர் அந்த நிமிடம் முதல் ஆவணமற்றவர் ஆகிறார். அதன்பின் எந்தப் போலீஸ் சோதனையிலும் அவர் கதி என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் 50 ரிங்கிட் பிடிப்பதை அடுத்த சம்பளத்திலிருந்தே நிறுத்துங்கள். சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. ஓடாமல் இருப்பதற்கான பிணைத்தொகை அந்த வரையறைக்குள் வராது. இதுவரை பிடித்ததை ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் போட்டு, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று சம்பளச் சீட்டிலேயே காட்டுங்கள். அதே சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 90பி என்ற புதிய பிரிவும் இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ வேலை வாங்கி, அந்த இடத்தை விட்டுப் போகாமல் தடுத்தால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அது. உங்கள் தொழிற்சாலையில் அந்த அளவுக்கு நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கடப்பிதழும் பிணைத்தொகையும் ஒன்றாக ஒரு விசாரணை அதிகாரி முன் வைக்கப்பட்டால், உங்கள் நல்ல எண்ணத்தை நிரூபிக்க அங்கே எதுவும் இருக்காது.

ஏஜெண்டு பணத்துக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

ஒரு நேப்பாளத் தொழிலாளி ஊரில் 4,500 ரிங்கிட்டுக்குச் சமமான தொகையைக் கட்டிவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் மூன்று வட்டிக்கு வாங்கியிருப்பார். மாதம் 135 ரிங்கிட் வட்டி. ஆண்டுக்கு 1,620. நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அதாவது ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைச் சம்பளம் வட்டிக்கே போகிறது. முதல் அப்படியே நிற்கிறது. அவருக்கு வேலை பிடிக்கவில்லை, மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை பேசுகிறார், கையில் அடிபட்டுவிட்டது. எதுவானாலும் அவர் திரும்பிப் போக முடியாது. உங்கள் வாசற்கதவு திறந்துதான் இருக்கிறது. கடன் அவரைப் போகவிடாது. அந்தக் கடனை நீங்கள் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடன் இருப்பதால்தான் அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறார், வாரம் 70 மணி நேரத்துக்கும் தலையாட்டுகிறார். பலன் உங்களுக்கு வருகிறது.

இதையும் வெளிநாட்டார் நம் மீது திணித்த கருத்து என்று அப்பா சொன்னால், அவரை ஒரு நாள் மாலை பாயான் லெப்பாஸ் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு எதிரே ஜெரெஜாக் தீவு தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் எத்தனையோ பேரைத் தொற்றுநோய்த் தடுப்புக்காக இறக்கிவைத்த இடம் அது. சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்தவருக்குக் கப்பல் செலவே கடன். அதை உழைத்துத் தீர்க்கும் வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஊரில் ஆள் சேர்த்த கங்காணியோடு வந்தவரையும் முன்பணம் கட்டிப்போட்டது. இந்தக் கடன் ஆள் வருவதையே தடுக்கிறது என்று கண்டபோது, 1907இல் இங்கே ஒரு குடியேற்ற நிதியை உண்டாக்கினார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லாரும் அதற்குக் கட்டணம் செலுத்தினார்கள். கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போயிற்று. தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்கினார். 1910இல் சஞ்சி முறையும் நின்றது. அன்று அதைச் செய்தவர்கள் கருணையால் செய்யவில்லை. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. சம்பளமும் லயத்து வாழ்க்கையும் அதன்பிறகும் எப்படி இருந்தன என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘ஆளைக் கொண்டுவரும் செலவு முதலாளியுடையது’ என்ற கொள்கை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நம் பாட்டன்மாருக்காக இங்கேயே நூறாண்டுகளுக்கு முன்பு ஏற்கப்பட்டதுதான் அது.

நேப்பாளத்தைப் பொறுத்தவரை அது எழுத்திலும் இருக்கிறது. 2018 அக்டோபரில் மலேசியாவும் நேப்பாளமும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி விமான டிக்கெட், விசா, மருத்துவச் சோதனை உள்ளிட்ட ஆள்சேர்ப்புச் செலவுகளை முதலாளியே ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த உங்கள் தொழிலாளர் ஏஜெண்டுக்குப் பணம் கட்டியிருந்தால், யாரோ அதை மீறியிருக்கிறார்கள்.

யார் எவ்வளவு கட்டினார் என்று எப்படி அறிவது? உங்கள் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலையில் நான் அப்படிக் கேட்டேன். முப்பது பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: ‘பணம் கட்டவில்லை.’ சொல்லும்போது ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல்துறைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், ஞாயிறு மத்தியானம், அவர்கள் மொழி பேசும் ஒருவரை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டபோது கணக்கு வந்தது. புறப்படும் முன் ஏஜெண்டு ‘கட்டவில்லை’ என்று சொல்லவைத்துப் படமும் பிடித்திருந்தார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள். ஆகவே நேப்பாளி மொழி தெரிந்த, உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவரை வைத்து, தொழிற்சாலைக்கு வெளியே, ஒவ்வொருவராகக் கேளுங்கள். சொன்னதால் யாருக்கும் கெடுதல் வராது என்று அப்பா கையெழுத்திட்ட கடிதத்தை முதலில் கொடுங்கள். ரசீது கேட்காதீர்கள்; அந்த வியாபாரத்தில் ரசீது இருக்காது.

பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும். 44 பேருக்கும் தலா 4,500 என்று வைத்தால் 1,98,000 ரிங்கிட். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் 24 மாதத் தவணையில் மாதம் 8,250. உங்கள் அளவு தொழிற்சாலைக்கு இது சிறிய தொகை இல்லை. இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. வாடிக்கையாளரிடம் பங்கு கேளுங்கள். ஐக்கிய நாடுகளின் நெறிகள் தீங்கை உண்டாக்குவது, தீங்குக்குத் துணைபோவது, தன் வணிக உறவின் வழியாகத் தீங்கோடு இணைந்திருப்பது என்று மூன்று நிலைகளைப் பிரிக்கின்றன. ஐந்தாண்டாக விலையை உயர்த்தாமல் வாங்கிக்கொண்டிருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அவர்களே யோசிக்கட்டும்.

வேலை நேரத்தில் ஒரு சிக்கல். நம் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம். மிகைநேரம் மாதம் 104 மணி வரை. கூட்டினால் வாரம் ஏறக்குறைய 69 வரை சட்டத்துக்குள் வரும். ஆனால் மின்னணுத் துறையில் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பின்பற்றும் நெறி, மிகைநேரத்தையும் சேர்த்து 60 மணிதான் என்கிறது. ‘உள்நாட்டுச் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறோம்’ என்று எழுதிவிட்டுத் தணிக்கையில் மாட்டிக்கொண்ட பினாங்குத் தொழிற்சாலைகள் உண்டு. உங்கள் 70 மணி இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கடந்த 12 மாத வருகைப் பதிவை எடுத்து, எந்த வாரங்களில் 60ஐத் தாண்டியது, அந்த வாரம் வாடிக்கையாளரின் ஆர்டர் எந்தத் தேதியில் மாறியது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

குத்தகையாளரின் 18 பேரை மறந்துவிடாதீர்கள். படிவத்தில் அவர்களைக் காட்டாமல் விடச் சொல்வார்கள். அவர்கள் உங்கள் தகடு அழுத்தும் இயந்திரத்தில்தான் விரல் வைக்கிறார்கள். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், அந்த இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா, சம்பளம் அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, கடப்பிதழ் யாரிடம் என்று குத்தகையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

படிவத்துக்கு எப்படி எழுதுவது? உண்மையையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ‘இந்தத் தேதி வரை 44 தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் எங்கள் பாதுகாப்பில் இருந்தன. இந்தத் தேதியில் அவரவரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆள்சேர்ப்புக் கட்டணம் குறித்துத் தனியாரைக் கொண்டு விசாரித்துவருகிறோம். 90 நாளில் முடிவைப் பகிர்வோம். திருப்பிக் கொடுக்கும் திட்டத்தில் உங்கள் பங்களிப்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம்’ என்ற நான்கு வரி, 86 ‘ஆம்’களைவிடப் பெறுமதியானது. தொழிலாளர்களின் பெயரை மட்டும் எந்தத் தாளிலும் எழுதி அனுப்பாதீர்கள். 30 நாள் போதாது என்றால் அவகாசம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ‘மீறல் எதுவும் நிகழாது என்று உறுதியளிக்கிறோம், எல்லாச் செலவும் எங்களுடையது’ என்ற வகையில் நடத்தை நெறியில் வாசகம் இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘முயற்சி எடுப்போம், கண்டதைத் தெரிவிப்போம்’ என்று மாற்றச் சொல்லுங்கள். சட்டம் அவர்களிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வேலை கொடுத்த நாளிலிருந்து, பத்து கவான்காரர் உங்களுக்கு யாரோ, அந்தப் பட்டறைக்கு நீங்கள் அவர். வழிகாட்டும் நெறிகள் நிறுவனத்தின் அளவைப் பார்த்து விலக்குத் தருவதில்லை. எவ்வளவு செய்ய வேண்டும் என்பது மட்டும் அளவுக்கேற்ப மாறும். நம் அரசும் வணிகமும் மனித உரிமையும் குறித்து 2025–2030க்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. இப்போதைக்கு அது உங்களைத் தண்டிக்கும் சட்டமாக இல்லை. ஆனாலும் காத்திருக்காதீர்கள். முலாம் பூசும் தொட்டியில் அமிலமும் நிக்கலும் குரோமியமும் இருக்கும். கையுறை, காற்றோட்டம், கழிவுநீர் மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். அந்த ஊர்ப் பட்டறைகளில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களும் யாரிடமோ முன்பணம் வாங்கித்தான் வந்திருப்பார்கள். உறவினர் என்பதால் கேட்காமல் இருக்க வேண்டாம். உறவினர் என்பதால் உங்களுக்கு உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை கூடுதலாக இருக்கிறது.

அப்பாவிடம் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். மனித உரிமை என்ற சொல்லில் தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரோ தன் மீது குற்றம் சுமத்துகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். கணக்கில் தொடங்குங்கள். லெவிக்கும் பெர்மிட்டுக்கும் எவ்வளவு போகிறது என்று அவருக்குத் தெரியும். தொழிலாளியின் மூன்று வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அதன் பக்கத்தில் வையுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்களுக்கு அந்தத் தாள் உடனே புரியும். தசைன் பண்டிகை வருகிறது என்றும் சொல்லுங்கள். நேப்பாளிகளுக்கு நம் தீபாவளியைப் போன்றது. ஊருக்குப் போய்வர விரும்புகிறவர்கள் இப்போதே டிக்கெட் பார்க்கத் தொடங்குவார்கள். கடப்பிதழ் வேண்டும் என்று அலுவலக வாசலில் வந்து நின்று கேட்கும் நிலைக்கு அவர்களை விடாதீர்கள்.

பூட்டுப்பெட்டிகளுக்கு இந்த வாரமே சொல்லிவிடுங்கள். 44 பெட்டி, பெட்டிக்கு இரண்டு சாவி. இரண்டும் தொழிலாளியிடமே இருக்கட்டும்.